வேந்தர் பார்த்த முயல்

முயலின் தலை மறுபடி தரையில் விழுந்தது.

அவள் இரண்டு விரலால் தாடையைத் தாங்கிப் பிடித்து, மசித்த கேரட்டை வாயோரம் வைத்தாள். அது முகர்ந்து பார்த்தது. மெல்லத்தான் வலுவில்லை.

கூண்டறைக்கு வெளியே, ஆய்வுக்கூடத்தில், குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேந்தர் வருகிறார்.

தனியார் பல்கலைக்கழகங்களில் முதலாளிக்கு அதுதான் பெயர். நாடு இல்லை. கோவைக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கிறது.

மின்திருக்கை மீனின் உடலிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து இந்த முயலுக்கு ஊசி போட்டவள் அவள்தான். நரம்பு அனுப்பும் சேதியைத் தசையில் வாங்கிக்கொள்ளும் புரதம். ஏற்பி என்பார்கள். வந்திருப்பது வேற்றாள் என்று முயலின் ரத்தம் எதிர்ப்பொருளை உண்டாக்கியது.

அந்த எதிர்ப்பொருளை வைத்து, தசையிலிருக்கும் ஏற்பியின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆய்வு. இருட்டில் முகத்தைத் தடவி ஆளை அடையாளம் காண்பதுபோல.

மீனுக்கும் முயலுக்கும் அந்த முகவெட்டு ஏறக்குறைய ஒன்று.

அவள் கண்டுபிடிப்பதற்கு முன்பே எதிர்ப்பொருள் கண்டுபிடித்துவிட்டது. மீனைத் தேடிக் கிளம்பியது, முயலின் சொந்தத் தசையிலேயே போய் ஒட்டிக்கொண்டது.

நரம்பு கூப்பிட்டது. தசைக்குக் கேட்கவில்லை.

தலை விழுந்தது.

விழுந்த தலைதான் விடை.

விடை கிடைத்த அன்றே முயலைத் தூங்கவைத்துவிட வேண்டும். கடைசித் தூக்கம். ஒரே ஊசி, வலியில்லாமல். விலங்கு நெறிக்குழுவின் முன்னால் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். மருந்து அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் தெய்வசிகாமணியின் பீரோவில். சாவி அவர் சட்டைப்பையில்.

திங்கட்கிழமையே கேட்டாள்.

"வியாழன் வேந்தர் வர்றாரும்மா. அவர் ஒரு பார்வை பாக்கட்டும். அதுக்குள்ள என்ன கெட்டுப்போச்சு?"

அவருக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இன்று வியாழன். காலையில் புதுக் கோட்டும் தலையில் புதுச் சாயமுமாகக் கூண்டறைக்கு வந்தார். குனிந்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஐயே, சீக்குக் கோழி மாதிரி கெடக்கு. இதையா காட்டுறது? துறுதுறுன்னு இன்னொண்ணு இருந்துச்சே, அதை எடு."

இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் உப்புநீர் போட்டு வைத்திருந்த முயல். எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை இங்குள்ள துறைத்தலைவர்கள் பலரைவிட ஒழுங்காகச் செய்துவந்தது.

"சார், அது துள்ளுனா நம்ம ஆராய்ச்சி தோத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"அர்த்தமெல்லாம் யாரும்மா கேக்கப்போறா?"

யாரும் கேட்கவில்லை.

வேந்தர் வந்தார். விளக்கேற்றினார். பொன்னாடை வாங்கிக்கொண்டார். உப்புநீர் முயலுக்கும் ஒரு செவ்வந்தி மாலை. அது மாலையைத் தின்னத் தொடங்கியது.

"பாருங்கய்யா, அறிவுப் பசி!" என்றார் பேராசிரியர்.

கைதட்டல் கூண்டறைக்குள் கேட்டது. பிறகு மைக்கில் அவர் குரல். உலகமே திரும்பிப் பார்க்கப்போகிற முயல், என்றது.

அவள் கையில் இருந்த முயலால் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை.

மூன்று நாள். காட்டுவதற்காக உயிரோடு வைத்திருந்தார். காட்டவும் இல்லை.

எழுந்தாள். ஒரு கையில் உடம்பு, ஒரு கையில் தலை. கதவைக் காலால் தள்ளினாள்.

சிவப்பு வெல்வெட் விரித்த மேசையில், மாலை போட்ட முயலுக்குப் பக்கத்தில், இதைக் கிடத்தினாள்.

கைதட்டல் பாதியில் நின்றது.

"இதென்னம்மணி?" என்றார் வேந்தர்.

"இதுதானுங்கய்யா ஆராய்ச்சி."

அவர் ஒற்றை விரலால் முயலின் தாடையை நிமிர்த்தினார். விரலை எடுத்தார். விழுந்தது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடி விழுந்தது. அவர் முகத்திலிருந்து மேடை இறங்கிப் போனது.

"அட பாவமே. இதுக்கொரு ஊசி கீசி இல்லியா?"

"இருக்குதுங்க. திங்கக்கிழமையில இருந்து சாரைக் கேட்டுட்டே இருக்கறன்."

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள்.

சட்டைப்பையில் கைவிட்ட வேகத்தில் பேனா, மூக்குக்கண்ணாடி, உரை எழுதிய காகிதம் எல்லாம் வந்து விழுந்தன. கடைசியாகச் சாவி.

"போட்டுடும்மா! இப்பவே போட்டுடு! நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

அன்னதானம் செய்கிறவரின் குரல்.

வேந்தர் குளிர்ந்துபோனார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஒரு வாயில்லா சீவனைக் காப்பாத்துன புண்ணியம் இன்னிக்கு நமக்கு."

முன்னைவிடப் பெரிய கைதட்டல்.

அவள் திருத்த வாயெடுத்தாள். சாவி இன்னும் பேராசிரியரின் விரலிடுக்கில் இருந்தது.

சாவியை வாங்கினாள். முயலைத் தூக்கினாள்.

"குணமானதும் ஒரு போட்டோ அனுப்பும்மணி. பேத்திக்குக் காட்டோணும்."

அவள் பதில் சொல்வதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார்.

"நானே அனுப்பிடறேங்கய்யா."

சொல்லும்போதே கைப்பேசியை எடுத்துவிட்டிருந்தார். மேசையில் மிச்சமிருந்த முயல் நிமிர்ந்து அதைப் பார்த்தது.