லெஸ்லியைக் கிளப்பிய விதம்

"ஏனுங்க, லெஸ்லி குடியிருக்கற ஊடு இதுதானுங்களா?"

குன்னூரில் நூறு படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்ற சுப்பண்ணன் கேட்டதும், வீட்டுக்காரப் பங்கஜம்மாள் கேட்டைத் திறந்தார். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இதேதானுங்க. நீங்க?"

"காந்தல்ல மளிகைக் கடை வெச்சிருக்கறனுங்க. பேரு சுப்பண்ணன். முன்னால லெஸ்லி எங்க ஊட்டுலதான் குடியிருந்தாருங்க."

பெயரைக் கேட்டதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே அழைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தார். லெஸ்லி எங்கே என்றதற்கு, வெளியே போயிருக்கிறார், முதலில் டீயைக் குடியுங்கள் என்றார். இப்படி ஒரு மரியாதையைச் சுப்பண்ணன் சம்பந்தி வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

டீ உள்ளே போனதும் மனக்குறை வெளியே வந்தது. லெஸ்லி ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். பச்சை இலை கிலோ பதினாறு ரூபாயிலிருந்து ஐந்துக்கு விழுந்ததும் ஃபேக்டரி பாதிச் சம்பளம் கொடுத்தது. லெஸ்லி வாடகையில் அந்தப் பாதிகூடக் கொடுக்கவில்லை. கேட்கப் போனால், "இலை விலை கொஞ்சம் ஏறட்டுங்க, கொடுத்திடறேன்" என்பான், சிரித்த முகமாக. பதினாலு மாதம் இதே பாட்டு. அந்த வருஷம் மலையில் எல்லோருக்குமே அது நல்ல சாக்காகிவிட்டது. தேயிலைச் செடியைத் தொட்டே பார்க்காத டெய்லர்கூடச் சட்டை தாமதமானதற்கு இலை விலையைத்தான் காரணம் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டாலே சுப்பண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எம் பொண்ணு காயத்ரிக்குக் கோயமுத்தூர்ல நர்சிங் சீட் கெடைச்சிருக்குதுங்க. திங்கக்கெழமைக்குள்ள பன்னெண்டாயிரம் கட்டோணும். இல்லீன்னா சீட் போயிருமுங்க. இவன் பாக்கிய வெச்சாத்தான் அவ படிப்பு."

பங்கஜம்மாள் இரக்கத்தோடு தலையாட்டி, பாக்கி எவ்வளவு என்று கேட்டார். சுப்பண்ணனுக்கு மனப்பாடம். மாதம் எண்ணூறு வீதம் பதினோராயிரத்து இருநூறு, கரண்ட் பில் அறுநூற்று நாற்பது, குளியலறைத் தாழ்ப்பாள் எண்பத்தைந்து, திரும்பி வந்த வக்கீல் நோட்டீஸ் ஐந்நூறு, ஆளைத் தேடி அலைந்த பஸ் செலவு எழுபத்தைந்து. ஆகப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.

"பதினாலு மாசத்துல ஒரு மாசங்கூடத் தரலீங்களா?"

"ஒத்தப் பைசா தரலீங்க."

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. வாய்ப்பேச்சு எதுக்கும் ஆகாது."

விவரம் தெரிந்த சாட்சி கிடைத்துவிட்டாரே என்று சுப்பண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுதித் தேதி போட்டு, வழக்கமாகப் போடும் நீண்ட வாலோடு கையெழுத்தும் போட்டார்.

"அப்பேர்ப்பட்ட ஆளை எப்படிங்க கெளப்புனீங்க? கோர்ட்டுக்குப் போனீங்களா?"

"கோர்ட்டுக்குப் போனா எனக்கு முடி நரைச்சுருமுங்க. நாலு நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பி வெச்சேன்" என்றார் பெருமையாக. லெஸ்லி வேனில் சாமான் ஏற்றியபோது கட்டிலுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து, வேன் போனதும் அவர் தேங்காய் உடைத்ததைத் தெருவே பார்த்தது.

பங்கஜம்மாள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பழைய கடுதாசி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே உருண்டை எழுத்து, அதே வால் வைத்த கையெழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையதை வாசித்தார்.

"'லெஸ்லி தங்கமான மனிதர். எங்கள் வீட்டில் இருந்தவரை ஒன்றாம் தேதியே வாடகை கொடுத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு வீடு கொடுக்கலாம். இப்படிக்கு, சுப்பண்ணன், மளிகைக் கடை, காந்தல்.'"

சுப்பண்ணன் கையிலிருந்த வர்க்கி அப்படியே நின்றது.

"பழைய ஊட்டுக்காரர் கடுதாசி இல்லாம நான் யாருக்கும் ஊடு விடறதில்லீங்க. இதை நம்பித்தான் விட்டேன். எட்டு மாசம் வாடகை வரல. போன வாரம் வெளிய போன ஆளு இன்னும் திரும்பல. எம் பாக்கி ஏழாயிரத்து இருநூறை நீங்கதானுங்க தரோணும். ரெண்டு கடுதாசியும் எங்கிட்டயே இருக்கட்டும்."

சுப்பண்ணன் வர்க்கியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"இலை விலை கொஞ்சம் ஏறட்டுங்க, கொடுத்திடறேன்."