வேதக்காரருக்கு ஒரே பந்தி

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? ரெண்டு பகுதியையுமோ ஒரே நேரத்திலை மண்டபத்துக்கு வரச் சொன்னனீங்கள்?"

சமையலுக்கு நிற்கும் ஜெஸ்ரின் அகப்பையும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்று கத்தினாள். மண்டபக்காரர் சிவானந்தன் ரோல்ஸ் தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஏன் பிள்ளை, ரெண்டு பகுதியும் சேர்ச் ஆக்கள்தானே? ஒரே நாள், ஒரே நேரம் கேட்டவை. ஒரே பந்தியிலை முடிப்பம் எண்டு மண்டபத்தை ரெண்டாப் பிரிக்கிற நடுத்தட்டியையும் கழட்டிப் போட்டன்."

"ஆர் எவர் எண்டு விசாரிச்சனீங்களோ?"

"சேர்ச்சோ எண்டு கேட்டனான். ரெண்டு பேரும் யெஸ் எண்டவை. அதுக்கு மேலை என்னத்தை விசாரிக்கிறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டாருக்குச் சிலுவையைக் கும்பிடுகிற எல்லாருமே வேதக்காரர். அதற்குள்ளும் பிரிவுகள் இருப்பதை அறியவேண்டிய தேவை, ஜெர்மனியில் பீட்சா சுட்ட காலத்திலும் அவருக்கு வரவில்லை. இப்போது லண்டன் பிளேஸ்டோவில் வந்திருந்தது.

பாசையூர்க் கத்தோலிக்கப் பெண்ணான ஜெஸ்ரின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மாதா சொரூபத்தோடை சுத்துப்பிரகாரம் முடிச்சு வாறது எங்கட பங்கு ஆக்கள், கத்தோலிக்கர். பாதிப்பேர் அயர்லாந்து. மற்றது, ஒரேஞ்ச் பட்டி தோளிலை போட்டு மேளம் அடிச்சு ஊர்வலம் போற புரட்டஸ்தாந்து ஆக்கள். வட அயர்லாந்திலை, பெல்பாஸ்ட்டிலை இந்த ரெண்டும் ஒரே ரோட்டாலை வந்தால் பொலிஸ் வாகனத்தைக் குறுக்கை விட்டு மறிக்கும். நீங்கள் பந்தியிலை பக்கத்திலை பக்கத்திலை இருத்தப் போறியள்!"

சிவானந்தன் தெருவாசலை எட்டிப் பார்த்தார். மண்டபம் திறந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. ஒரு அடிபிடி நடந்தாலும் லைசென்ஸ் போய்விடும் என்று கவுன்சில்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஜெர்மனியில் உழைத்ததெல்லாம் இந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தது.

"தட்டியைத் திருப்பிப் பூட்டுவம்!"

"எந்தத் தட்டியை? பழசு எண்டு காலமை லொறியிலை ஏத்தி விட்டியளெல்லோ" என்றாள் மனைவி சிவகௌரி, கேசரியைத் தட்டில் கொட்டியபடி.

ஜெஸ்ரின் பாய்ந்து வந்தாள். "அக்கா, கேசரியை எடுங்கோ! அது ஒரேஞ்ச் நிறம். எங்கட ஆக்கள் கொதிப்பினம்."

"அப்ப மல்லிச் சட்னி?"

"அது பச்சை, அயர்லாந்து. மற்ற ஆக்கள் கொதிப்பினம்."

"தேங்காய்ச் சட்னி வெள்ளைதானே? அதை ரெண்டுக்கும் நடுவிலை வைப்பம்."

"ஐயோ அக்கா! பச்சை, வெள்ளை, ஒரேஞ்ச். அயர்லாந்துக் கொடியையே மேசையிலை விரிச்சிட்டியள்!"

சிவகௌரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"சிரியடி, சிரி. நாளைக்கு நான் திரும்பவும் பீட்சா சுடப் போறன்" என்ற சிவானந்தன் கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு குளிர்ப்பெட்டிக்கு ஓடினார். பெட்டி நிறைய மீன் கட்லட். வந்த வேகத்திலேயே திரும்பி ஓடிவந்தார்.

தெருவில் மேளம் அதிர்ந்தது.

"ஆர் பிள்ளை அது?"

"மேளம் அவையின்ரை."

"அப்ப அந்தப் பாட்டு?"

"மாதா பாட்டு. எங்கட ஆக்கள்."

முன்வாசலால் மேளமும் புல்லாங்குழலும் நுழைந்தன. பக்கவாசலால் மாதா வந்தார். மண்டபத்தின் நடுவில் இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் நின்றன. மேளம் நின்றது. பாட்டும் நின்றது. ஒரேஞ்ச் பட்டி போட்ட ஒரு கிழவர் மாதாவைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். பிறகு எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது நினைவு வந்தவர்போல் அவசரமாகத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இவர்களை யார் கூப்பிட்டது?" என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது.

"அதையே நாங்களும் கேட்கிறோம்!" என்றது மறுபக்கம்.

மேளக்காரர் மேளத்தை இறக்கி வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். சிவானந்தன் கேசரித் தட்டோடு நடுவே பாய்ந்தார்.

"மை மிஸ்டேக்! ஆல் மை மிஸ்டேக்! ப்ளீஸ், நோ ஃபைட்டிங்!"

ஒரேஞ்ச் பகுதிக்காக மண்டபம் பதிவு செய்த கில்மோர் என்ற நெட்டையான கிழவர் கூட்டத்தை விலக்கி முன்னே வந்தார். எதிர்ப்பக்கம் இருந்து, பங்கு ஆட்களுக்காகப் பதிவு செய்த பெர்னடெட் அம்மாள் வந்தார். சரி, முதல் அடி தலைவர்களுக்குள்தான் என்று சிவானந்தன் கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கில்மோர், பெர்னடெட்டின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உட்காருங்கள்" என்றார் அவர். "நானும் பெர்னடெட்டும் போன வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். இதுதான் எங்கள் கல்யாண விருந்து. சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பக்கத்திலும் ஒருவரும் வந்திருக்கமாட்டீர்கள்."

மேளக்காரர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, "பசிக்கிறது" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாதா பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மேசை மேசையாகத் தொற்றியது.

சிவானந்தன் கில்மோரின் காதருகே குனிந்தார். "அப்படியென்றால், சேர், ஒரே நாளில் மண்டபம் கொடுத்தது என் பிழை இல்லையா?"

"முழுக்க முழுக்க உங்கள் பிழைதான்" என்று முந்திக்கொண்டார் பெர்னடெட். "எங்கள் இரண்டு கூட்டத்தின் பெயரையும் கேட்டதுமே மற்ற மண்டபக்காரர் எல்லாரும் வேறு வேறு நாள் கொடுத்துவிட்டார்கள், எங்களுக்குள் வித்தியாசம் தெரியாத ஒரு மனிதரைத்தான் லண்டன் முழுக்கத் தேடி அலைந்தோம்!"