தணிகாசலத்தின் ஒப்புதல்

கணவனின் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழ்வீட்டில் கறி தாளிக்கும் வாசனை மாடி வரை வந்தது. அவளுக்குப் பசியில்லை.

அவன் பெயருக்கு ஏழெட்டுக் கடிதங்கள் வந்து காத்திருந்தன.

தணிகாசலம் இறந்துபோனது அவற்றை எழுதியவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

எல்லோரும் முகம் பார்த்திராத ஆட்கள். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்துகொண்டு, சல்லிக்காசு சம்பளமில்லாமல், ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூலநிரலைக் காலத்துக்கேற்பத் திருத்திக்கொண்டே இருப்பவர்கள். புதுக் கணினி வந்தால் அதற்கொரு திருத்தம். பழைய பிழை கண்ணில் பட்டால் அதற்கொரு திருத்தம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர். திருத்தம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்; அதையும் அதற்கு வரும் பதிலையும் எல்லோரும் படிக்கலாம். பொறுப்பாளர் சரி என்று சொன்னால்தான் அது உள்ளே போகும். அவர் நெடுநாள் வாயே திறக்காவிட்டால், பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

டிஸ்க்கில் தகவலை எழுதும் பகுதிக்குப் பொறுப்பு தணிகாசலம்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய அன்றே, பெயரை எடுக்கப் போவதாகக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்திருந்தார்கள்.

ரேஷன் கார்டில் எடுத்தாயிற்று. வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மைத்துனர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அவளும் நிரல் எழுதுகிறவள்தான். அவன் பெயரில் ஒரு 'சரி' போட்டாள்.

அன்றிலிருந்து அவன் ஒழுங்காகப் பதில் எழுதுகிறான்.

உயிரோடு இருந்தவரை, அவன் பதில் என்றாலே எல்லோரும் திறந்து பார்க்கத் தயங்குவார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்கிற தோரணையில் எழுதுவான். அவளுக்கு அது வரவில்லை. வந்த திருத்தங்களைப் பொறுமையாகப் படித்தாள். தப்பைப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். போகிறபோக்கில் நன்றியும் சொல்லி வைத்தாள்.

செத்த பிறகு மனுஷன் நல்லவனாகிவிட்டான்.

இன்றைக்கு வந்திருந்தவற்றில் ஒன்று அவளே அனுப்பியது.

க. செண்பகவல்லி. அப்பாவின் முதலெழுத்தோடு. அவன் மனைவி என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஓட்டை தணிகாசலம் எழுதிய நிரலிலேயே இருந்தது. கணினியை நிறுத்தும்போது, கடைசியாகச் சேமித்தது சில சமயம் டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண் பூராவும் போய்விட்டது என்று ஒரு டீச்சர் அழாத குறையாக எழுதியிருந்தார்.

கல்யாணமான புதிதிலேயே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். திருத்தமும் எழுதிவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு மூலநிரல் எவ்வளவோ மாறிவிட்டதே, பழைய திருத்தம் எங்கே பொருந்தும்? வாரம் முழுக்க உட்கார்ந்து, இன்றைய நிரலுக்கேற்ப அதை மாற்றி, சோதித்துப் பார்த்து அனுப்பியிருந்தாள்.

இனி அவன் சரி சொல்வதுதான் பாக்கி.

'சரி' என்று அடித்தாள். அழித்தாள்.

மறுபடியும் அடித்தாள்.

அவன் வாயால் கேட்க வேண்டும் என்று அவள் ஏங்கிக் கிடந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான். அதைத் தன் கையாலேயே அடித்துத் தனக்கே அனுப்பிக்கொள்வதா? தனக்குத்தானே மாலை போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. ஊராருக்கெல்லாம் அவன் பெயரில் எத்தனையோ பொய் எழுதியாயிற்று. இந்த ஒரு பொய் வரமாட்டேன் என்றது. கூச்சமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

அவன் இல்லை என்று ஒரு வரி எழுதிப்போட்டால் முடிந்தது. வேறொருவர் வந்து அவள் திருத்தத்தை ஏற்றுக்கொள்வார். கூடவே அவன் பெயரும் போய்விடும்.

அதுவும் அவளால் முடியவில்லை.

கடைசியில், அவன் இருந்தால் என்ன எழுதுவானோ அதை எழுதினாள்.

"ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நோண்ட வேண்டும்?"

கல்யாணமான புதிதில் சமையலறை வாசலில், அந்தத் திருத்தத்தைக் காட்ட அவள் நீட்டிய லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் சொன்னது. இங்கிலீஷில் எழுதியபோது கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்தது.

அனுப்பிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். சோற்றைத் தட்டில் போட்டாள். சாப்பிடவில்லை.

வெயில் இறங்குவதற்குள் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. ஜெபசிங் என்று ஒரு நாகர்கோவில் பையன். அவன் அனுப்பிய திருத்தம் ஒன்றுக்குப் போன மாதம்தான் தணிகாசலம் பெயரில் அவள் சரி சொல்லியிருந்தாள்.

"அக்கா, தமிழ்தானே? பேரப் பாத்துட்டு எழுதுறேன். உங்க திருத்தத்தை ஓட்டிப் பாத்தேன். கரெக்டா இருக்கு. வேண்டாம்னுட்டாருன்னு விட்றாதீங்க, இன்னொரு தடவ கேளுங்க. தணிகாசலம் சார் முன்ன மாதிரி இல்லக்கா. இப்பல்லாம் எடுத்துச் சொன்னா கேக்குறாரு."

கடைசி வரியைத் தாண்ட முடியவில்லை.

வாய்விட்டு அழுதாள். அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரி படியேறி வந்து கதவைத் தட்டினாள். ஒன்றுமில்லை என்று உள்ளேயிருந்தபடியே சொல்லி அனுப்பினாள்.

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பெயரில் அந்தப் பையனுக்குப் பதில் எழுதினாள்.

"சரி தம்பி. நாளைக்குக் கேட்டுப் பாக்குறேன்."