துப்பு இருக்கா?

மாமனார் என்னிடம் நேரடியாகப் பேசமாட்டார். வீட்டோடு மாப்பிள்ளைக்கு அந்த மரியாதை எதற்கு? எல்லாம் மகள் வழியாகத்தான் வரும்.

"கூரியர்ல போடவாவது உன் புருஷனுக்குத் துப்பு இருக்கான்னு கேளும்மா."

அவருடைய தாத்தா அநாதை விடுதியில் வளர்ந்தவர். தாத்தாவின் அப்பா யார் என்று கண்டுபிடிக்கத்தான் டிஎன்ஏ சோதனை. மாமனார் குழாயில் எச்சிலைத் துப்பினார், நான் அனுப்பிவைத்தேன்.

முடிவு வந்தது. ஒத்துப்போன தூரத்துச் சொந்தங்களை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார்கள். கொள்ளுத்தாத்தா பெரிய கப்பல் கேப்டன். மாமனார் அவர் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக்கொண்டு வந்தார்.

"பாரும்மா, அந்த மூக்கு அப்படியே என் மூக்கு. ரத்தம்னா இது. உன் புருஷனோடதைச் சோதிச்சா மிஷினே தூங்கிடும்."

மனைவி சிரித்தாள். நான் ஆணியோடு ஸ்டூலில் ஏறினேன்.

"நேரா மாட்டவாவது துப்பு இருக்கான்னு கேளு."

இருந்தது. எதுவும் குடிக்காமல் துப்பச் சொல்லியிருந்தேன். என் பேச்சை அவர் எப்போது கேட்டார்? காபியைக் குடித்துவிட்டுத்தான் துப்பினார். அந்த எச்சில் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி, ஆய்வுக்கூடம் வேறு குழாய் அனுப்பியது. அவரிடம் சொன்னால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாதா? இரண்டாவது குழாயில் நானே துப்பிவிட்டேன்.

என் கொள்ளுத்தாத்தாவை நேராக மாட்டிவிட்டு இறங்கினேன்.