குழாய்க்கு முன்னால் வரிசை

வெள்ளைக்காரன் காலத்து நீரேற்று நிலையத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த நீராவி எஞ்சினை வெட்டியெடுக்க, கேஸ் கட்டரோடு வந்திருந்தான் சவரிமுத்து. சக்கரமே இரண்டாள் உயரம். பின்கதவைத் திறந்தால் பெரிய குழாயின் வாய் தெரிந்தது. அதன் முன்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். கடைசியில் ஒருத்தி தன் குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல தண்ணி வருதாக்கா?"

"நான் பொறக்குறதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு."

"அப்புறம் எதுக்கு வரிசை?"

"வந்த பிறகு வரிசை போட்டா சண்டைதானே வரும்?" என்றாள், குடத்தை நேராக்கியபடி.

அவன் உள்ளே திரும்பினான். வெட்டும்போது சக்கரம் உருண்டால் ஆளை நசுக்கிவிடும். இறுகியிருக்கிறதா என்று பார்க்கத் தோளைக் கொடுத்துத் தள்ளினான். முனகிக்கொண்டே ஒரு சாண் நகர்ந்தது. தரைக்கடியில் ஏதோ புரண்டது. குழாயிலிருந்து ஈரக்காற்று கிளம்ப, வெளியே குடங்கள் ஒவ்வொன்றாக உம் கொட்டின.

"தம்பி, குழாய் மூச்சு விடுது!" அவள் ஓடிக்கொண்டே கத்தினாள். "இருப்பா, பெரிய குடத்தை எடுத்துட்டு வந்துடறேன்!"

சவரிமுத்து கட்டரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மறுபடியும் தோளைக் கொடுத்தான்.