ஒரு பாட்டில் சாக்கடைத் தண்ணீர்

மூன்று மணி நேரமாக ஒரு கிருமிகூட வெடிக்கவில்லை.

ஆய்வகத்தில் ருக்சானா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாயம் ஏற்றாமல், சாகடிக்காமல், கிருமியை உயிரோடு அப்படியே காட்டும் மைக்ராஸ்கோப் அது. ஒச்சாண்டியின் காலிலிருந்து எடுத்த கிருமிகள் அதில் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரிப் பெருகிக்கொண்டிருந்தன. நாசமாய்ப் போகிறவை!

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல் கம்பி கிழித்த கால். எந்த மருந்துக்கும் புண் அடங்கவில்லை. இந்தக் கிருமியைத் தின்னும் வைரஸ் ஏதாவது அகப்பட்டால் ஒரு வாரம் பொறுக்கலாம், இல்லையென்றால் இன்று நாலு மணிக்குக் காலை வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிருமி இருக்கிற இடத்தில்தான் அதைத் தின்கிற வைரஸும் உயிரோடு இருக்கும். அதனால், புண் கழுவிய தண்ணீர் ஓடும் சாக்கடையில் ஒரு பாட்டில் பிடித்து வரும்படி ஒச்சாண்டியின் மனைவி அன்னத்தாயிடம் போனில் சொல்லியிருந்தாள் ருக்சானா. அந்தத் தண்ணீர் பட்டு, இந்நேரம் கிருமிகள் ஒவ்வொன்றாக உப்பி வெடித்திருக்க வேண்டும்.

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டாள். ஒன்றும் அகப்படவில்லை என்று சொன்னாள்.

காலையில் பாட்டிலோடு வந்த அன்னத்தாய் ஆய்வகத்து வாசல் பெஞ்சிலேயே இருந்தாள். வெளியே வந்த ருக்சானாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நான் கொண்டாந்த தண்ணியில ஏதும் குத்தமா தாயி? சாக்கடைத் தண்ணிய அப்படியே ஒங்க கையில குடுக்க மனசு வரலை. மூணு கொதி வர வச்சு, அவுக புது வேட்டியில வடிகட்டித்தான் கொண்டாந்தேன்."

ருக்சானாவுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிப்போயிற்று. அந்தக் கொதியில் எந்த வைரஸ் பிழைக்கும்? எதற்கு என்று போனில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா, பாவி! தெளிந்த தண்ணீரைக் கையில் வாங்கினாளே, அப்போதாவது கேட்டிருக்கக் கூடாதா?

மறுபடி டாக்டரின் எண்ணை அழுத்தினாள். போன் அணைந்திருந்தது. அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார்.

அன்னத்தாய் இன்னும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குத்தமும் இல்லம்மா," என்றாள் ருக்சானா. "தண்ணி ரொம்பச் சுத்தமா இருந்துச்சு."