சுக்கானுக்கு ஒரு சால்வை

கோயில் குளத்தில் தெப்பத் திருவிழா முடிந்த மறுநாள் காலை. மூன்று நாள் கழி ஊன்றித் தெப்பம் தள்ளியதில் தோள் வீங்கிப்போய், அடையாற்றங்கரைக் குடிசை வாசலில் சுருண்டு கிடந்தான் அம்மாசி.

"வருசா வருசம் மூலைக்கு மூலை படிக்கட்டுல முட்டிக்கினு நிக்கும். இந்த வாட்டி சொகமா திரும்பிச்சே," என்றாள் அவன் மனைவி தேவானை, புதுப் பலகையில் துணியை அடித்தபடி. "பின்னால சுக்கான்னு இன்னாவோ மாட்னாரே இன்ஜினீரு, அவருக்கு சால்வ போட்டாங்களாமே. தள்ளுன உனுக்கு?"

"சுண்டல் குட்த்தாங்க."

"சுக்கான் அவ்ளோ நல்லா வேல செஞ்சிதா?"

"ஆம கணக்கா போற தெப்பத்துக்கு அது இன்னாத்துக்கு? பெரிய மனுசங்க அல்லாரும் ஜனம் பாக்கற பக்கமாவே ஒக்காந்தா, தெப்பம் ஒருக்களிச்சிக்கினு எப்டி திரும்பும்? அடியில ரெண்டு டிரம்மு ஓட்ட, சாமி கனத்ததான் தாங்கும்னு ஒரு பொய் வுட்டேன். ஒருத்தரும் ஏறல."

"அப்போ அந்த சுக்கான்?"

அம்மாசி கண்ணை மூடிக்கொண்டான்.

"மொத நாள் மத்தியானமே கயட்டிட்டேன். அது மேலதான் நீ துணி அடிச்சிக்கினு கீற."